கன்னப்பொறி சொல்லும் செய்தி!

உழவன் கையிலே அரிவாள் இருந்தால் ஊருக்குச் சோறு. குழந்தையின் குருதியிலே அரிவாள் இருந்தால்?

ஆம், தோழர்களே! உருண்டு நெகிழ்ந்து ஓடவேண்டிய செவ்வணு, பிறவியிலேயே வந்த குறையால் அரிவாள்போல் வளைந்து விறைத்துக்கொள்கிறது. அரிவாள் அணு நோய் என்ற பெயர் அதனால் வந்ததுதான். சோகையும் மூட்டுவலியும் பலர் அறிந்தவை. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயையும் அது குறுக்கிவிடும் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? குழாய் அடைபட்ட அன்று, ஓடி விளையாடிய பிள்ளை ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் விழுகிறது. பக்கவாதம் கிழவருக்கு மட்டுமே வரும் நோய் என்று யார் சொன்னது?

விழுவதற்கு முன்பே அறிய வழி உண்டு. அதனால்தான் எழுதுகிறோம்.

மடை குறுகினால் தண்ணீர் சீறிப் பாயும். வாய்க்காலிலே நின்றவனுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மூளைக் குழாயிலும் அதே கதைதான். அந்த வேகத்தை அளப்பது டாப்ளர் அல்ட்ராசவுண்ட். காதுக்குக் கேளாத ஒலியைக் கன்னப்பொறியின் மெல்லிய எலும்பு வழியே செலுத்தி, ஓடும் குருதியில் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடுகிறார்கள். ஊசியில்லை, கத்தியில்லை, கதிர்வீச்சும் இல்லை! 1842-இல் டாப்ளர் சொன்ன தத்துவம். அதை மண்டையோட்டுக்குள்ளே ஓடும் குருதியை அளக்கப் பயன்படுத்திக் காட்டினார்கள், 1982-இல் ரூன் ஆஸ்லிட் என்பாரும் அவருடன் உழைத்தோரும்.

பயன் என்ன? அமெரிக்காவிலே இந்நோய்க்கு ஆளாவோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கு நடந்த ஓர் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டிய 130 பிள்ளைகள். 67 பேருக்கு வழக்கமான மருத்துவம். 63 பேருக்குத் தவறாமல் இரத்தம் ஏற்றினார்கள். முன்னவரில் 11 பேருக்குப் பக்கவாதம். பின்னவரில்? ஒரே ஒருவருக்கு! ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்; மற்றப் பிள்ளைகளைக் காத்திருக்கவைப்பது நியாயமல்ல என்று.

எங்கோ நடந்தது, நமக்கென்ன என்பீர்களோ? இந்தியாவிலே இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1952-இல். எங்கே? நம் நீலகிரியில், மலைமக்களிடையே!

2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் அணு நோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 40 வயதுவரை 7 கோடிப் பேரின் குருதியைச் சோதித்து அட்டை வழங்குவதாக அறிவித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நோய் உண்டா இல்லையா என்பதைத்தான் அந்த அட்டை சொல்லும். எந்தப் பிள்ளையின் மூளைக் குழாய் குறுகிவருகிறது என்று சொல்லுமா?

இந்திய வகை நோயில் பக்கவாதம் குறைவு என்பர் அறிஞர். குறைவு என்றால் இல்லை என்றா பொருள்? இரத்தத்துக்கு எங்கே போவது என்பாரும் உண்டு. நைஜீரியாவிலே ஹைட்ராக்சியூரியா மாத்திரையைக் கொண்டே தடுக்க முனைந்திருக்கிறார்களே! விழுந்துவிட்ட பிள்ளைக்கு இந்தக் கருவி மட்டும் போதாது, மூளை ஸ்கேன் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. நாம் பேசுவது இன்னும் விழாத பிள்ளையைப் பற்றி.

கருவி மலையேறட்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் கூடவே ஏறட்டும். நோயுள்ள பிள்ளைக்கு 2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுக்கொருமுறை கன்னப்பொறியில் வைத்து அளக்கட்டும். அளந்த வேகம் எவ்வளவு என்று எழுத, அந்த அட்டையிலே ஒரு கட்டம் கேட்கிறோம்.