ஃபியூஸ் மாற்றினால் போதுமா?

பில் போடும் கம்ப்யூட்டரின் மானிட்டர் ஒரு நாள் காலையில் ஒளி வராமல் நின்றுவிட்டால், நமக்கு உடனே தோன்றுவது இரண்டுதான். "ஃபியூஸ் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "பழசாகிவிட்டது, எடைக்குப் போடு" என்பது மற்றொன்று. இரண்டும் அவசர முடிவு என்பதே நமது கருத்து.

பாம்பனுக்கு டி.வி. புதுச் சரக்கல்ல. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பின், உயரக் கம்பம் நட்டு அதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2006-ல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணப் பெட்டியைக் காமிராத் திரையாக வைத்திருக்கும் கடையும் உண்டு. இந்தப் பழைய செட்டுகளில் பெரும்பாலும் படுத்துக்கொள்வது சப்ளைப் பகுதிதான்.

நமது உப்புக் காற்று சர்க்கரை மூட்டையையே கசிய வைக்கிறது, போர்டை விடுமா? உப்பு ஈரத்தை இழுக்கும், ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்புக் கோடுகள் பச்சை பூக்கும். கூடவே, மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் தாக்குதல் வேறு.

உள்ளே வரும் 230 வோல்ட், ஃபியூஸையும் டயோடுகளையும் கடந்து ஒரு பெரிய கண்டன்சரில் சுமார் 320 வோல்ட் டி.சி.யாக நிற்கிறது. அதைத்தான் சப்ளைப் பகுதி குறைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கருத்திருந்தால் பெரும்பாலும் டயோடோ டிரான்சிஸ்டரோ ஷார்ட் என்று பொருள். புது ஃபியூஸ் போட்டாலும் அந்த நொடியே போகும். போகாதிருக்கத் தடித்த கம்பியைச் சுற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்குத் தீ வைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், தொடக்க மின்சாரம் தரும் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். விளக்கு சிமிட்டி 'டிக் டிக்' என்றால், சப்ளை கிளம்பப் பார்த்து, அடுத்த பகுதியின் பளு தாங்காமல் பின்வாங்குகிறது. தட்டை மானிட்டர் நாலைந்து முறை சுவிட்ச் போட்ட பிறகே வருகிறதா? தலை உப்பிய கண்டன்சரைத் தேடச் சொல்லுங்கள்.

நமது கடையிலும் இது நடந்தது. முதலில் பார்த்தவர் "போர்டே போச்சு, புதுசு வாங்குங்க" என்றார். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நான்கு நாள் கையால் பில் எழுதியதில் கடன் கணக்கில் விழுந்த குழப்பம் பொங்கல் வரை தீரவில்லை. இரண்டாவதாக வந்தவர் இரண்டு கண்டன்சர் மாற்றினார், மானிட்டர் ஓடியது. கூலியோடு சேர்த்தாலும் ஒரு சிப்பம் அரிசி விலை ஆகவில்லை.

நல்ல மெக்கானிக் செட்டை நேரே பிளக்கில் செருக மாட்டார். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்துப் பார்ப்பார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் தீரவில்லை. பளிச்சிட்டு மங்கினால் மேலே வேலை பார்க்கலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எடை பார்த்து வாங்கும் நமக்கு இதில் என்ன கூச்சம்?

ஆனால் நாமே பெட்டியைத் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்தக் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். வண்ணப் பிக்சர் டியூபில் இயங்கும் அழுத்தம் 20,000 வோல்ட்டையும் தாண்டும். நம்மால் ஆவது வேறு. ரிமோட்டில் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்குகிறோம். சப்ளைப் பகுதி இரவு முழுவதும் உயிரோடு நிற்கிறது. சுவிட்சையும் அணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்துப் போட வேண்டும்.

அப்படியும் தேறாத குழாய் செட்டைக் கடற்கரையில் போட்டு உடைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்னணுக் கழிவுக்கென 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகளும் நடப்பில் உள்ளன. உறுப்பினர்களின் பழைய செட்டுகளை ஒன்றாகத் திரட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சங்கமே லாரி ஏற்றி அனுப்பலாம். இதை அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்கும்படி செயலாளரை வேண்டுகிறோம்.