மலையில் மழை பெய்தால் அருவிக்கரைக்கு யார் சொல்வது?

குற்றாலத்தில் வெயில் அடிக்கும். அதே நேரம் மேலே மலையில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டும். கீழே எண்ணெய் தேய்த்து நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

2024 மே 17-ந் தேதி இதுதான் நடந்தது. சீசன்கூட தொடங்கவில்லை. கோடை மழையில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. குளித்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு பிணமாக மீட்கப்பட்டான்.

அந்தக் காட்சியை அங்கிருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். நாடே பார்த்தது. நாட்டுக்கே எட்டிய சேதி, அருவியடியில் நின்ற பையனுக்கு முன்கூட்டி எட்டவில்லையே!

வளைவு போதுமா?

பேரருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. நல்லதுதான். ஆனால் அது வெள்ளம் வந்த பிறகு பார்க்கிற கணக்கு. நமக்கு வேண்டியது வருவதற்கு முன்னால் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடம் மலையில்தான் கிடைக்கும். பேரருவித் தண்ணீர் தேனருவி, செண்பகாதேவி வழியாக இறங்குகிறது. அங்கே கேமராவும், தண்ணீர் மட்டம் காட்டும் கருவியும் வேண்டும். மற்ற அருவிகளுக்கும் அப்படியே.

கேமரா மட்டும் போதாது. மேகம் இறங்கினால் அதன் கண் மங்கிவிடும். வயர்லெஸ் அலையை மலை மறைக்கும்; அதை வாங்கி அனுப்ப உச்சியில் ஒரு நிலையம் வேண்டும். சீசனில் சூரியன் முகம் காட்டாது. சோலாரை மட்டும் நம்பாமல் நல்ல பேட்டரியும் வேண்டும்.

கடல் சொன்ன பாடம்

2017 நவம்பர் இறுதியில் ஒகி புயல் வந்தது. கரையில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களின் வயர்லெசுக்கு அது எட்டவில்லை. எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி வந்தது. மலைக்கும் அப்படி ஒரு சாவு எண்ணிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

கருவி வாங்கி, ரிப்பன் வெட்டினால் வேலை முடியாது. தினமும் காலையில் மேலும் கீழும் பேசிப் பார்க்க வேண்டும். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும் சங்கு வேண்டும். யார் உத்தரவுக்கும் காத்திராமல் அதை ஊத, பணியில் இருப்பவருக்கு அதிகாரம் வேண்டும்.

"சும்மா சும்மா சங்கு ஊதினா யாவாரம் என்னாகும்?" என்று கடைக்காரர் கேட்கலாம். அண்ணாச்சி, 2024-ல் ஒரு உயிர் போனதும் அருவிகளில் குளிக்கவே தடை போட்டார்களே, அப்போ யாவாரம் என்னாச்சு?

பத்து தடவை வீணாக ஓடினாலும் பரவாயில்லை. குளிக்க வந்த பிள்ளை வீடு திரும்ப வேண்டும்!