என்ன ஏற்றினாய்?

விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டு என்றால் பீரங்கியோடுதான் தொடங்கும் என்று நினைப்போம். ‘எலீட்’ விலைப்பட்டியலோடு தொடங்குகிறது. கையில் 100 கிரெடிட். கப்பலில் 20 டன் சரக்குக்கு இடம். எதிரே உணவு, துணி, மது, கணினி, இயந்திரம் என்று 17 பொருள்கள். இங்கே மலிவாக வாங்கி, அடுத்த உலகத்தில் நல்ல விலைக்கு விற்கலாம். வழியில் கொள்ளையர் மறித்தால் சுடலாம், முடியாவிட்டால் ஓடலாம். எங்கே போக வேண்டும், எப்போது முடியும் என்று யாரும் சொல்வதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய இந்த விளையாட்டு 1984 செப்டம்பரில் வெளிவந்தது. முதலில் பார்த்த தோர்ன் இஎம்ஐ நிறுவனம் வேண்டாம் என்றுவிட்டது. மூன்று உயிர் வேண்டும், புள்ளிக்கணக்கு வேண்டும், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டும் என்பது அன்றைய வழக்கம். பிறகு ஏக்கார்ன்சாஃப்ட் அதை பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளியிட்டது. அந்தக் கணினியின் நினைவகமே 32 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் தினமும் வரும் ‘காலை வணக்கம்’ படம் அதைவிடப் பெரியது! அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். எதையும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. சில எண்களை விதையாகப் போட்டு, கூட்டிக் கூட்டி, ஊர்ப்பெயர் முதல் ஆட்சிமுறை வரை தேவைப்படும் நொடியில் முளைக்க வைத்தார்கள்.

அந்த உலகங்களில் விவசாய உலகம் உணவை மலிவாக விற்கும். பணக்காரத் தொழில் உலகம் கணினியை விற்று உணவை வாங்கும். இது எந்த ஊர் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 90 விழுக்காட்டுக்கும் மேல் உணவை இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் சிம் லிம் ஸ்குவேரில் கணினி வாங்கலாம். எலீட்டின் பொருளியல் மொத்தமும் அந்தப் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகிறது.

நம்மூருக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1989ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘விங் கமாண்டர்’, 1993ல் அதே உலகில் வணிகத்தையும் சேர்த்துக்கொண்ட ‘பிரைவடியர்’ இரண்டையும் உலகெங்கும் எத்தனையோ பேர் இந்த அட்டை வழியாகத்தான் காதால் கேட்டார்கள்.

அந்த 17 பொருள்களில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. துணிக்கும் மதுவுக்கும் நடுவே, டன் கணக்கில் விலை போட்டு, ‘அடிமைகள்’. சந்தையில் வாங்கும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். ஏற்றிக்கொண்டு நிலையத்தை விட்டுப் புறப்பட்டால்தான் உங்கள் பெயருக்கு எதிரே குற்றம் பதிவாகும், காவல் கலங்கள் துரத்தும். அறிவுரை எதுவும் வராது. லாபம் வரும்.

இதன் வாரிசான ‘எலீட் டேஞ்சரஸ்’ 2014ல் வந்தது. நம் பால்வீதியையே 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் சந்தையிலும் அந்தச் சரக்கு உண்டு. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகன் அதைத்தான் விளையாடுகிறான். “எத்தனாவது லெவல்?” என்று அக்கா கேட்பாள். “அப்படியெல்லாம் முடியாதும்மா இது” என்பான். நான் கேட்பது வேறு: “இன்னைக்கு என்னடா ஏத்தின?”

போன வாரம் அவன் சொன்ன பதில் அதுதான். பெயரைக்கூடச் சொல்லவில்லை, லாபத்தைத்தான் சொன்னான். எங்கள் கொள்ளுத்தாத்தா கங்காணியிடம் முன்பணம் வாங்கி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அவர் அடிமையல்ல, ஆனால் கடனோடு வந்து இறங்கியவர். இதைச் சொன்னேன்.

“நான் ஏத்தலைன்னா வேற யாராவது ஏத்துவாங்க, மாமா.”

“அந்தக் கப்பல்காரனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.”

திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கேட்டான்: “தாத்தாவுக்கு அப்போ எவ்வளவு மாமா முன்பணம் கொடுத்தாங்க?”

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். விளையாட்டு தொடர்பாக அவன் கேட்ட ஒரு கேள்விக்கு அவள் திட்டாமல் நின்றது அன்றுதான்.