நிழலில் அளந்த வெயில்

கத்தரி தொடங்கிய நாள்முதல் எம் விடுதியில் காலைதோறும் நிகழும் காரியம் ஒன்றுண்டு. பத்திரிகை வந்ததும் உலகச் செய்தி யாதென நோக்குவார் எவருமிலர். முந்திய நாளில் பாளையங்கோட்டையில் வெப்பம் எத்தனை டிகிரி, மதுரையில் எத்தனை, வேலூரில் எத்தனை என்பதையே அனைவரும் முண்டியடித்துக்கொண்டு பார்ப்பர். தம்மூர் முதலிடம் பெற்றிருப்பின் அவ்வூரார் அடையும் பெருமிதம் சொல்லுந் தரத்ததன்று. வேலூர் அன்பர் ஒருவர், தம்மூரின் 42 டிகிரியைத் தாமே அரும்பாடுபட்டு ஈட்டினார்போல மார்தட்டித் திரிந்ததை யாம் கண்டோம்.

வெயில் மிகும் நாளில் மாந்தர் சிறு பொருள்களையும் உற்றுநோக்கக் கற்றுக்கொள்கின்றனர். மாடித் தொட்டியின் நீர் நண்பகலில் கைவைக்கவொண்ணாத சூட்டுடன் குழாயில் இறங்குதலும், விடுதி நாய் பானையடி மணலின் ஈரத்தைத் தேடி மணிக்கொருமுறை இடம்மாறிப் படுத்தலும், மின்விசிறியை எவ்வளவு விரைவாகச் சுழலவிடினும் அஃது அனலையே வாரி வீசுதலும் எம் நாட்குறிப்பில் ஏறியுள்ளன. பதநீர் விற்கும் முதியவர் காலையில் வாயிலுக்கு வந்துவிட்டாலோ, இலக்கண வகுப்பிற்கு எழாத அன்பர்களும் எழுந்தோடிச் சென்று பனையோலைப் பட்டையை ஏந்தி நிற்பர். தேர்வு முடியாமையால் வீடு செல்லவியலாத எமக்கு இவையே அந்நாளைய பொழுதுபோக்காயின.

டிகிரிக் கணக்கைப் பற்றி ஒரு சொல். சுவீடன் நாட்டு வானூலறிஞராகிய செல்சியஸ் என்பார் 1742ஆம் ஆண்டில் தம் அளவை வகுத்தபோது, நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் எண்ணிட்டனர். பின்வந்தோரே அதனைத் தலைகீழாக்கினர். அவர் வகுத்தவாறே நின்றிருப்பின் வேலூரின் 42 இன்று 58 ஆகியிருக்கும். வெயில் ஏற ஏற எண் இறங்கும். எம் அன்பர் மார்தட்டவும் இடமிராது.

இவ்வெண்ணை அளக்கும் கருவி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று அவரை ஒருநாள் வினவினோம். வெட்டவெளியில், வெயிலில் என்றார். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. வெள்ளைச் சாயம் பூசி, நாற்புறமும் காற்றுப் புகும் சாய்சட்டங்கள் அமைத்து, நிலத்தினின்றும் ஏறத்தாழ நான்கடி உயரத்தில் நிறுத்திய மரப்பெட்டியினுள் அக்கருவி இருக்கின்றது. இப்பெட்டியை வகுத்தவர் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்ஸன். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் தந்தையார். கதிரவன் நேரே பட்டால் கருவியே சூடேறிக் காற்றின் வெப்பத்தைத் தவறாகக் காட்டுமாதலின், அதனை நிழலில் வைத்தல் அறிவியலுக்கு இன்றியமையாதது. அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும், நாம் நாள்தோறும் வியந்து பேசும் எண் நிழலில் நிற்பவனுக்குரிய எண்ணேயன்றி வெயிலில் நிற்பவனுக்குரியதன்று என்னும் செய்தி அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

நிற்க. வெயிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், அது பெரும்பாலும் நிழல் தேடியவர்களின் வரலாறாகவே இருக்கின்றது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், 1833ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். நான்கு திங்கள் கடலில் வந்தும் ஏறத்தாழ 100 டன் கரையாது கரைசேர்ந்தது. சென்னைக் கடற்கரையிலும் 1842ஆம் ஆண்டளவில் அவர் வாணிகத்திற்கெனப் பனிக்கட்டிக் கிடங்கொன்று எழுந்தது. மாசச்சூசட்ஸ் ஏரியின் நீர் சென்னை மாந்தரின் தாகத்தைத் தணிப்பதைத் தோரோ என்னும் அமெரிக்க அறிஞரும் 1854ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ‘வால்டன்’ நூலில் குறித்துள்ளார். ஆனால் அக்கட்டியைப் பருகிய சென்னை மாந்தர் எத்தகையர்? துரைமாரும் செல்வருமேயன்றிக் கப்பலினின்றும் அதனைச் சுமந்து கிடங்கிற் சேர்த்த கூலியாளர் அல்லர். அவர்க்குக் கிடைத்த குளிர்ச்சி, முதுகில் ஒழுகிய நீரளவேயாகும். செயற்கைப் பனிக்கட்டி வந்தபின் அவ்வாணிகம் அழிந்தது. 1897ஆம் ஆண்டில் விவேகானந்தர் அவ்வில்லத்தில் தங்கினர். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் அங்கே இளங் கைம்பெண்களுக்குப் புகலளித்தனர். இன்று அது விவேகானந்தர் இல்லம். சுற்றியுள்ள பகுதியை மட்டும் மக்கள் இன்றளவும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே வழங்குகின்றனர்.

எம்மவரையும் விட்டுவிடுதல் முறையன்று. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் வீடுகள் கட்டிக்கொண்டனர். தம் பிள்ளைகளையும் துணைவியரையும் சாவுக்குக் கொடுத்தவர்களை இதுபற்றி இகழ யாம் ஒருப்படோம். எனினும் அவர்தம் பெட்டிகளைச் சுமந்து மலையேறியவர்கள், இறக்கிவைத்தபின் மீண்டும் சமவெளிக்கே திரும்பினர் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இனி எம் வீட்டுச் செய்திக்கு வருவோம். எம் அன்னையார் தூத்துக்குடி உப்பளத்தில் கூலிவேலை செய்கின்றனர். வைகறை 3 மணிக்கு எழுந்து, கைவிளக்கின் ஒளியில் உப்பு வாரத் தொடங்கி, வெயில் உச்சியை அடையுமுன் கூடியவரை வேலையை முடிக்க முயல்வர். முடியாத நாள்களே மிகுதி. காலடியில் உவர்நீர்; எதிரே கண்ணைப் பறிக்கும் வெள்ளை உப்பு; வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கின்றது. கடற்கரையூராதலின் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. இந்திய வானிலைத் துறையார் சமவெளிக்கு 40 டிகிரியும் கடற்கரைக்கு 37 டிகிரியும் வெப்ப அலையின் தொடக்க வரம்பாகக் கொண்டமைக்கு இதுவுமொரு காரணமாகலாம். எங்களூர் பத்திரிகைப் பட்டியலில் வேலூரை வெல்வதில்லை. அதனால் அங்கே வெயில் குறைவு என்று எவரும் கருதவேண்டா.

மே மாதத்து மாலையொன்றில் பாளையங்கோட்டையில் திடீரெனக் கோடைமழை பெய்தது. அன்பர்கள் முற்றத்தில் இறங்கிக் கூத்தாடினர், யாமும் இறங்கினோம், தலை நனைந்தது, நெஞ்சும் நனைந்தது. மறுகணமே வீட்டு நினைவு வந்து, கரையேறித் தொலைபேசியில் அன்னையாரை அழைத்தோம். அங்கும் பெய்தது, பாத்தியில் விளைந்து நின்ற உப்பு கரைந்துவிட்டது, மறுபடி நீர் முறுகி உப்புப் படியும்வரை வேலையில்லை என்றார். எம் தேர்வுக் கட்டணம் அவ்வுப்பிலிருந்து வந்தது. அன்றுமுதல் மழை வேண்டுமென வாய்விட்டுச் சொல்லவும் எமக்குத் துணிவில்லை. வெயில் வாழ்கவெனச் சொல்லவும் மனமில்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதாக வகுத்தனர். அப்பாடல்களிற் பொருள்தேடிக் காட்டுவழியே வெயிலிற் செல்பவன் தலைவன். வீட்டினுள் அவனை நினைந்திருப்பவள் தலைவி. எம் குடும்பத்துப் பாலையில் வெயிலிற் செல்பவர் அன்னையார். நிழலில் அமர்ந்து, அப்பாடல்களின் துறையை மனப்பாடம் செய்பவர் யாம். இவ்வமைதியை எவ்விலக்கணத்தில் அடக்குவது என்று எம் ஆசிரியரைக் கேட்க நாணினோம்.

ஆதலின் எம் கருத்து இது. மழையை வேண்டுதல் எளிது. நிழலை அமைத்தலே நம் கையிலுள்ள பணி. தமிழ்நாட்டரசு மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்க்கு 2022ஆம் ஆண்டுமுதல் 5,000 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 2021ஆம் ஆண்டில் கடைகளிற் பணிபுரிவோர்க்கு இருக்கை வேண்டுமெனச் சட்டம் செய்தது. 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வகைசெய்தது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் இறந்தபின் கிட்டும் 4 லட்சத்தினும், உயிரோடிருக்கையில் நண்பகலில் இரண்டுமணி நேரம் கூலி குறையாது ஓய்ந்திருக்கும் உரிமையே எம் அன்னையார்க்குப் பயன்படும். கூலி குறையுமெனின் எவரும் ஓயார். எத்தனை அறிவிப்புப் பலகை நட்டாலும் ஓயார். வரப்பருகே நாலு கால் நட்டு ஓலை வேய்ந்த கூரையும், அதனடியில் இரண்டு பானை நல்ல நீரும் அமைக்க அளத்துக்குடையோர்க்கு ஆகும் செலவு ஒரு வண்டி உப்பின் விலையைத் தாண்டாதென்பது எம் துணிபு.

எம் விடுதியாரும் இதிற் பங்கின்றித் தப்பவியலாது. புதுக் கட்டடத்திற்குச் செங்கல் சுமக்கும் பெண்டிர், யாம் மின்விசிறியடியில் உறங்கும் அந்நண்பகலிலேயே சாரமேறுகின்றனர். அவர்க்கெனத் தனிப் பானையொன்று வைக்கவேண்டுமென விடுதிக் கூட்டத்தில் யாம் மொழிந்தபோது ஒருவர் சிரித்தனர். வேலூர் அன்பரோ மறுநாட் காலையில் தாமே பானை வாங்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தனர். அவர் மார்தட்டியதை எள்ளியதற்காக இங்கே அவரிடம் மன்னிப்பு வேண்டுகின்றோம்.

இக்கட்டுரையின் கருத்தை அன்னையாரிடம் தொலைபேசியிற் சொன்னபோது, அளத்தில் கூரை போட்டால் பாத்தியின் வெயிலை மறைத்து விளைச்சலைக் கெடுக்காதா என்று கேட்டனர். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கதிரவன் தூத்துக்குடிக்கு நேர் உச்சியில் நின்று, பின் வடக்கே சாய்ந்துவிடுகின்றமையின், அதன்பின் ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். ஆகவே தென்வரப்பிற் போட்டால் பாத்திக்குக் கேடில்லை என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அளத்தில் சொல்லிப் பார்க்கின்றேன் என்று கூறி, வெயிலில் அலையாதிருக்குமாறு எமக்குச் சொல்லி வைத்துவிட்டார்.