கடைசிப் பெயர் கட்டாயம்

கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி மகிழ்ச்சியான ஒரு பத்தியாகத்தான் இந்த வாரப் பத்தி தொடங்கியது. காரணம் இருக்கிறது. 2018-க்கு முன்பு பொறியியல் கவுன்சலிங் என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போயாக வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் கூடலூரிலிருந்தும் அப்பாவும் பிள்ளையும் இரவெல்லாம் பயணம் செய்து வருவார்கள். வளாகத்து மரத்தடியில் காத்திருந்து, திரையில் குறைந்துகொண்டே போகும் காலியிடங்களைப் பார்த்து, நாலு வருடப் படிப்பைச் சில நிமிடங்களில் முடிவு செய்வார்கள். அந்த ஆண்டு கவுன்சலிங் இணையத்துக்கு மாறியது. இப்போது விருப்பப் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கொடுக்கலாம். இணைய வசதி இல்லாதவர்களுக்கு உதவி மையங்கள் உண்டு. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளம் வந்துவிட்டது. பஸ் கட்டணமும் லாட்ஜ் வாடகையும் எத்தனையோ குடும்பங்களுக்கு மிச்சம்.

அந்த மகிழ்ச்சி ஓர் இ-சேவை மையத்தில் முடிந்துபோனது.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி, ஒரு கல்லூரியின் தளத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர் மு. செல்வி என்று வைத்துக்கொள்வோம். முதல் பெயர்க் கட்டத்தில் செல்வி என்று அடித்தாயிற்று. அடுத்தது ‘லாஸ்ட் நேம்’, சிவப்பு நட்சத்திரத்தோடு. இனிஷியலைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி வைத்தால் தவறு என்றது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

“இனிஷியலை ஏத்துக்க மாட்டேங்குதும்மா. அப்பா பேரைப் போட்டுடவா?” என்றார் மையத்துப் பெண்.

“மார்க்‌ஷீட்ல அப்படி இல்லையேக்கா.”

பேசி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் முருகேசன் என்று அப்பா பெயரே போனது.

படிவங்கள் மீது இந்தப் பத்திக்குள்ள நெடுநாள் கோபம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வங்கிச் செலானின் குட்டிக் கட்டங்களைப் பற்றியும், ‘அஞ்சல்’ ஒன்று ‘வட்டம்’ ஒன்று என்று ஒரே முகவரியை மூன்று முறை கேட்கும் விண்ணப்பங்களைப் பற்றியும் எழுதியாயிற்று. அந்தக் கட்டங்கள் நேரத்தைத்தான் தின்றன. இது ஆளின் பெயரையே மாற்றுகிறது.

தமிழர் பெயரில் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு வரலாறு உண்டு. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயருக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் குலத்தையோ சாதியையோ சொல்லும் சொல். இங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. மேடையில் இருந்தவர்களே தங்கள் பட்டத்தைத் துறந்தார்கள். அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே போதும் என்பது பொது வழக்கானது. செல்வியின் விண்ணப்பத்தில் காலியாக இருந்தது, ஒரு சமூகம் யோசித்துக் காலி செய்த இடம். அதை நிரப்பியே தீர வேண்டும் என்று சொல்ல ஒரு மென்பொருளுக்கு உரிமை கிடையாது.

அப்பா பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். வருகைப் பட்டியல் கடைசிப் பெயர் வரிசையில் அச்சானால், வகுப்பில் முருகேசன் என்று கூப்பிடும்போது செல்வி எழுந்து நிற்க வேண்டும். அம்மாவின் பெயரை முன்னெழுத்தாக வைத்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டத்தின் முன் எதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கும்! தொல்லை வகுப்பறையோடு நிற்பதும் இல்லை. மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க 2021-இல் தொடங்கிய கல்வி மதிப்பீட்டு வங்கியிலும் (ஏபிசி) ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். ஆதாருக்கும் சான்றிதழுக்கும் பெயர் பொருந்தாமல் விண்ணப்பிக்க முடியாதவர்களுக்காகத் தேசியத் தேர்வு முகமை 2024 நவம்பரில் ஜேஇஇ தேர்வுக்குத் தனி அறிவிப்பே வெளியிட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது, தவித்தவர்களில் தமிழர்களும் உண்டு. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் கடைசிப் பெயராகிவிட்டு, முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகிறது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் இருக்கும்போதே, அந்தப் பிள்ளை பெயர் தெரியாதவராகிவிடுகிறார்.

தீர்வு கடினமானது அல்ல. பெயரைப் பிரித்தே ஆகவேண்டிய தேவை இல்லையென்றால் முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாணவர் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லத் தனிக் கட்டமே இருக்கிறது. வருகைப்பதிவில் அந்தப் பெயர்தான் வரும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டது. அதே மாநிலத்துக் கல்லூரித் தளம் ஒன்று முன்னெழுத்தையே ஏற்க மறுப்பது நியாயமா?

கல்லூரி நிர்வாகங்கள் மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லி, அடுத்த சேர்க்கைக்குள் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட வேண்டும். ‘சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம் போதும்.

அதுவரை, விண்ணப்பிக்கப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பெயரையும் இனிஷியலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்.