முதலில் தூரத்துப் பிள்ளைக்கு

ஹீமோபிலியா உள்ளவரின் மூட்டுக்குள் குருதி கசியத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உறைகாரணி ஏற்ற வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கல்முனைக் கரையோர வீதிகளில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். பொத்துவிலில் ஓர் ஐந்து வயதுப் பையனுக்கு இரவு பத்து மணிக்கு முழங்கால் சூடேறி வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாப்பா கடலுக்குப் போயிருக்கிறார். உம்மா அயலவரின் ஆட்டோவைப் பிடித்து, அக்கரைப்பற்றும் நிந்தவூரும் தாண்டிக் கல்முனைக்கு வரவே அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அந்த நேரம் அங்கே காரணி கையிருப்பில் இல்லாவிட்டால் மட்டக்களப்புக்கு இன்னுமொரு நாற்பது. கொழும்பு என்றால் இரவு பஸ் ஏறி விடியும்போதுதான் இறங்கலாம். "விடியட்டும், பார்ப்போம்" என்று ஐஸ் வைத்து முழங்காலைத் துணியால் சுற்றிவிடுகிற உம்மாவைக் கண்டிக்க நமக்கு உரிமை கிடையாது. அவர் போட்ட கணக்கு சரி. பிழை நம்முடைய சிகிச்சைத் திட்டத்தில் இருக்கிறது.

மாரி காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இக்கரையில் யாரும் மறக்கவில்லை. காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை வைத்தியசாலைக்குப் போவதும் அந்த வீதியால்தான்.

குருதி வந்தபின் மருந்து கொடுக்கும் முறை, வைத்தியசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருப்பவருக்கு ஓரளவு உதவும். தூரத்தில் இருப்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் பிந்தித்தான் கிடைக்கும். ஆனாலும் வாரந்தோறும் மருந்து கொடுத்துக் குருதிப்பெருக்கை வரவிடாமலே தடுக்கும் முற்காப்புச் சிகிச்சை, வழக்கமாகப் பெரிய நிலையத்துக்கு அருகில் உள்ள பிள்ளைகளிடம்தான் முதலில் போய்ச் சேர்கிறது. நிபுணரும் ஆய்வுகூடமும் அங்கே இருப்பதால் அப்படி நேர்கிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. நிலையத்திலிருந்து எவ்வளவு தூரமோ, முற்காப்புக்கான தேவையும் அவ்வளவு அதிகம். முதல் குப்பி பொத்துவிலுக்குப் போகட்டும்.

முற்காப்பு புதிய யோசனை இல்லை. சுவீடனின் மால்மோவில் இங்கா மரீ நில்சன் 1958இலேயே இதைத் தொடங்கிவிட்டார். தீவிர ஹீமோபிலியா உள்ளவரின் காரணி அளவை 1 வீதத்துக்கு மேல் வைத்திருந்தால் அவருடைய மூட்டுகள் மிதமான நோயுள்ளவரின் மூட்டுகள் போல நடந்துகொள்ளும் என்பதே அவருடைய தர்க்கம். ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிடைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மான்கோ-ஜோன்சன் குழுவினர் இரண்டரை வயதுக்குக் குறைந்த 65 சிறுவர்களை இரண்டு பிரிவாக்கி ஆறு வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஒன்றுவிட்ட நாளில் கிலோவுக்கு 25 அலகு பெற்ற பிள்ளைகளில் 93 வீதத்தினரின் மூட்டுகள் எம்.ஆர்.ஐ படத்தில் சேதமின்றி இருந்தன. குருதி வந்தபின் மருந்து பெற்றவர்களில் அது 55 வீதம் மட்டுமே. இத்தனைக்கும் அந்த இரண்டாவது பிரிவுக்குக் கிடைத்தது உடனடியான, தாராளமான சிகிச்சை. நம் பிள்ளைகளுக்கு அந்த 55 வீதம்கூட எட்டாக்கனி. உலக ஹீமோபிலியா சம்மேளனம் 2020இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வழிகாட்டியில் தீவிர நோய்க்கு முற்காப்பையே நியமச் சிகிச்சையாக வைத்திருக்கிறது. இரண்டாவது மூட்டுக் குருதிப்பெருக்குக்கு முன்னதாகவும் மூன்று வயதுக்கு முன்னதாகவும் தொடங்கினால் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

"நமக்கு அவ்வளவு காரணிக்கு எங்கே போவது?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள பையனுக்குக் குறைந்த அளவு முற்காப்பு என்றால் கிலோவுக்கு 10 அலகு, வாரம் இரண்டு முறை. ஒரு தடவைக்கு 250 அலகுக் குப்பி ஒன்று போதும். ஆண்டுக்கு 26,000 அலகு. முற்காப்பு இல்லாத அதே பையனுக்கு மாதம் இரண்டு மூட்டுக் குருதிப்பெருக்கு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 500 அலகு வீதம் இரண்டு தடவை ஏற்றுகிறோம் என்றால் ஆண்டுக்கு 24,000. ஏறக்குறைய ஒரே அளவு மருந்து; ஆனால் இரண்டாவது கணக்கின் முடிவில் பையனின் முழங்கால் நீட்ட முடியாமல் போய்விடுகிறது. பஸ் கட்டணமும் வாப்பா இழந்த நாட்கூலியும் பாடசாலைக்குப் போகாத நாட்களும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. கிலோவுக்கு 10 அலகு என்பது சுவீடன் அளவல்லதான். ஆனாலும் குருதி வரும்வரை காத்திருப்பதைவிட அது மேலானது என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

எத்தனை பேருக்கு என்பதும் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிய எண் அல்ல. நல்ல பதிவேடுகள் உள்ள நாடுகளின் தரவின்படி ஓர் இலட்சம் ஆண்களில் 17 பேருக்கு ஹீமோபிலியா ஏ, அவர்களில் 6 பேருக்குத் தீவிர நிலை. பி வகை 4 பேருக்குச் சற்றுக் குறைவு, அதில் தீவிரம் ஒருவர். 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆறரை இலட்சம். ஆண்கள் மூன்றேகால் இலட்சம் என்று கொண்டால், மாவட்டம் முழுவதிலும் தீவிர ஏ வகை சுமார் இருபது பேர், தீவிர பி வகை மூன்று நான்கு பேர். ஒரே கிளினிக்கில் பார்த்து முடிக்கக்கூடிய தொகை. உங்கள் வைத்தியசாலைப் பதிவேட்டில் இந்தப் பங்குக்குரிய பெயர்கள் இல்லையென்றால், ஊரில் நோய் இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

இப்போது தோலடி ஊசிக்கு வருவோம். வாரம் இரண்டு முறை மூன்று வயதுப் பிள்ளையின் நாளத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது தாதியருக்குத் தெரியும். எமிசிஸுமாப் இந்தத் தடையை விலக்கிவிட்டது. செயலூக்கம் பெற்ற ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் ஒருசேரப் பிடித்து, எட்டாம் காரணி செய்யவேண்டிய வேலையைச் செய்யும் இரட்டைப் பிடி எதிருடல் இது. முதல் நான்கு வாரம் வாரந்தோறும் கிலோவுக்கு 3 மில்லிகிராம். பிறகு வாரம் 1.5, அல்லது இரு வாரத்துக்கு 3, அல்லது நான்கு வாரத்துக்கு 6. நம் 20 கிலோப் பையனுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் குப்பி ஒன்று, தோலுக்கடியில். இன்ஹிபிற்றர் (காரணியைச் செயலிழக்கச் செய்யும் எதிருடல்) உள்ளவர்களில் ஹேவன் 1 ஆய்வு குருதிப்பெருக்கை 87 வீதம் குறைத்துக் காட்டியது. இன்ஹிபிற்றர் இல்லாதவர்களில் ஹேவன் 3 ஆய்வு 96 வீதம். அரை ஆயுட்காலம் நான்கு வாரமளவு என்பதால் வெள்ளத்தில் ஒரு கிளினிக் நாள் தவறினாலும் பிள்ளை உடனே வெறுங்கையோடு நிற்காது. நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தை நினைத்துப் பார்ப்பது சிரமம்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற நாடுகளுக்கு இம்மருந்து பெரும்பாலும் நன்கொடையாகத்தான் வருகிறது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது சாதாரண மருந்துக்கே அலைந்தவர்கள் நாம். ஒரு நன்கொடையை நம்பிப் பிள்ளையைத் தொடங்கிவைத்துவிட்டு நடுவழியில் கைவிடுவது நியாயமா என்று மூத்த வைத்தியர்கள் சிலர் கேட்பது வெறும் தயக்கத்தால் அல்ல. ஆனால் ஐந்து வயதுவரை காப்பாற்றப்பட்ட முழங்கால், பிறகு மருந்து நின்றாலும், ஐந்து வயதுவரை காப்பாற்றப்பட்ட முழங்கால்தான். தொடங்காமலிருக்க இது காரணமாகாது. குறைந்த அளவுக் காரணியை மாற்றுத் திட்டமாகக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

மருந்தைக் குளிரில் வைத்திருப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2 முதல் 8 பாகை வரை தடுப்பூசிகளைக் காத்துவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. திறக்காத எமிசிஸுமாப் குப்பி 30 பாகைக்கு மேற்படாமல் மொத்தம் ஏழு நாள் வெளியே இருக்கலாம் என்பது அதன் விதி. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் வீடுகளுக்குள் பகலில் 30 பாகை தாண்டிவிடும். ஆகவே அந்த ஏழு நாள் சலுகையை வீட்டு அலுமாரிக்கு நீட்டக் கூடாது.

வெளிநோயாளர் பிரிவுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் ஓர் எச்சரிக்கை. எமிசிஸுமாப் பெறும் பிள்ளையின் ஏ.பீ.ரீ.ரீ (உறைதல் நேரச் சோதனை) சாதாரணமாக, சிலவேளை சாதாரணத்தைவிடக் குறைவாகவே வரும். கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு மாதம் வரைகூட அப்படி இருக்கலாம். "உறைதல் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தலையில் அடிபட்ட பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் விளைவு என்னவென்று எழுத வேண்டியதில்லை. எட்டாம் காரணியை வழமையான ஒருபடிச் சோதனையில் அளந்தாலும் எண் பொய்யாகவே இருக்கும். மாட்டுக் காரணிகள் கொண்ட குரோமோஜெனிக் சோதனை மட்டுமே நம்பத்தக்கது. இம்மருந்து தீவிர நோயை இலேசான நோயாக மாற்றுகிறதே தவிரக் குணமாக்குவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கும் பெரிய காயத்துக்கும் காரணி கொடுத்தே ஆக வேண்டும். இன்ஹிபிற்றர் உள்ளவருக்குச் செயலூக்கம் பெற்ற ஏழாம் காரணி மருந்து முதல் தெரிவு. செயலூக்கப்பட்ட புரோத்ரோம்பின் கூட்டுச் செறிவை ஒரு நாளில் கிலோவுக்கு 100 அலகுக்கு மேல், ஒரு நாளுக்கு மேலாகக் கொடுத்தவர்களிடம்தான் குருதிக்கட்டிகளும் நுண்குழாய் அடைப்பு நோயும் கண்டறியப்பட்டன. இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவிடலாம்.

நோன்பு மாதத்தில் ஊசியை நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தோலிலோ தசையிலோ நாளத்திலோ போடும் மருந்து ஊசி, ஊட்டத்துக்கானதாக இல்லாதவரை, நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. நாம் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் சொன்னால் வேகமாகப் பரவும். அவரைக் கேட்டுக்கொள்வதில் நமக்கொரு குறைச்சலும் இல்லை.

நோயை எங்கே பிடிப்பது என்பதில்தான் நம் கரைக்கென்று சொல்ல நிறைய இருக்கிறது. சுன்னத்து செய்த இடத்தில் நிற்காத குருதிதான் பல குடும்பங்களுக்கு முதல் அறிவிப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொர்தோபாவின் அறுவை வைத்தியர் அல்-ஸஹ்ராவி, ஒரு கிராமத்து ஆண்கள் சிறு காயத்துக்கே குருதி நிற்காமல் இறந்துபோனதைத் தம் அத்-தஸ்ரீஃப் நூலில் எழுதிவைத்தார். சுன்னத்து செய்பவர் வைத்தியரோ ஒஸ்தாவோ, கத்தியை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "உம்மாவின் பக்கத்தில் யாருக்காவது குருதி நிற்காமல் போனதா?" ஆம் என்றால் சோதனை முடியும்வரை சுன்னத்தைத் தள்ளிவைக்கலாம். பிறகு காரணியோடும் ட்ரனெக்ஸாமிக் அமிலத்தோடும் வைத்தியசாலையில் பாதுகாப்பாகச் செய்யலாம்.

உம்மாவின் பக்கத்தைத் தேடுவது வேறெங்கும் கடினமான வேலை, இங்கே அப்படியல்ல. இக்கரையோரத்தில் குடி தாய்வழியாக வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஹீமோபிலியா மரபணு போகிற பாதையும் இதுவே. ஒரு பையனுக்கு நோய் உறுதியானால், சாச்சியும் பெரியம்மாவும் அவர்களுடைய ஆண்பிள்ளைகளும் பெரும்பாலும் அதே வளவில் அல்லது அடுத்த ஒழுங்கையில்தான் இருப்பார்கள். குடும்ப வரைபடத்தைக் கிளினிக் மேசையில் கீறத் தேவையில்லை. குடும்பநல உத்தியோகத்தர் அரை நாள் நடந்து முடித்துவிடலாம். தாய்மாமனுக்கு நோயிருந்தால் அவருடைய மகள்கள் அத்தனை பேரும் மரபணுவைச் சுமப்பவர்கள். நோயுள்ள மருமகன் அந்த மச்சியையே கட்டினால் பெண்பிள்ளைகளுக்கும் தீவிர நோய் வரக்கூடும். இதைத் திருமணப் பேச்சுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பது மென்மையான விடயம். பெண்ணின் பெயரைக் கெடுக்கிற செய்தியாக ஊரில் அது உருமாறிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே சொல்லவேண்டியதைக் குடும்பத்துக்குள் மட்டும், உம்மாவின் சம்மதத்தோடு மட்டும் சொல்ல வேண்டும்.

குடும்ப வரலாறே இல்லாமல் புதிய மரபணு மாற்றத்தால் வருபவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அவர்களை இந்தத் தேடல் பிடிக்காது. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு வரும் ஆண் குழந்தையின் தொடையில் பெரிய கன்றல் தெரிந்தால், தவழத் தொடங்கிய பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் காரணமற்ற கட்டிகள் இருந்தால், ஏ.பீ.ரீ.ரீ சோதனைக்கு எழுதிவிடுங்கள்.

பி வகைப் பிள்ளைகளுக்கு எமிசிஸுமாப் பயனற்றது. அவர்களுக்கு இன்றைக்கு ஒன்பதாம் காரணிதான். கொன்சிஸுமாப், மார்ஸ்டாசிமாப், ஃபிடுசிரான் ஆகிய தோலடி மருந்துகள் 2024லும் 2025லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன. ஏ, பி இரண்டுக்கும் அவை வேலை செய்யும். அவை நம் மருந்துப் பட்டியலுக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மாவட்டத்தில் இருக்கக்கூடிய அந்த மூன்று நான்கு பேருக்கும் வாராந்தக் காரணி எந்த ஆதார வைத்தியசாலையில், எந்தக் கிழமையில், யார் கையால் என்பதைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையும் மட்டக்களப்பு நிபுணர்களும் சேர்ந்து இந்த மாரிக்கு முன்னரே எழுத்தில் வைத்துவிட வேண்டும்.