மறுப்பவரும் வழியற்றவரும்

வீதிக் குற்றத்துக்கான தண்டப் பணத்தைக் கட்ட மறுப்பவனுக்குப் பிடியாணை, பின்னர் மறியல். கட்ட வழியற்றவனுக்கு? அவனுக்கும் அதுவேதான்!

அமெரிக்காவின் பேர்குசன் நகரில் 2007இல் காரைத் தவறாக நிறுத்திய ஏழைப் பெண்ணொருத்திக்குத் தண்டம் 151 டொலர். வழக்குத் தவணைகள் தவறியதற்கு மேலும் தண்டம். ஆறு நாள் மறியல். 2014இன் இறுதிவரை அவள் கட்டியது 550 டொலர், பாக்கியோ 541! 2013இல் மட்டும் அந்நகர நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைகள் 9,000க்கு மேல் என்பதை அமெரிக்க நீதித் திணைக்களமே 2015இல் அம்பலப்படுத்தியது.

தண்டம் நகரசபையின் வருவாயானால், நீதிமன்றம் வரி அறவிடும் சாவடியாகும். செல்வந்தன் காசை வீசிச் செல்வான். ஏழை சிறையில் வாடுவான். இதுவா சமநீதி?

மறுப்பவனைத் தண்டியுங்கள், வழியற்றவனின் நிலையை முதலில் விசாரியுங்கள். பின்லாந்து 1921இலேயே வருமானத்துக்கேற்ற தண்டமுறையை வகுத்தது. மனமுண்டானால் மார்க்கமுண்டு!